குற்றவியல் பட்டத்துக்குக் கடன் வாங்கலாமா? கடலூர், பாண்டிச்சேரி பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்தே நம் பக்கத்தில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். பிள்ளைக்குப் போலீஸ் வேலை மேல் ஆசை, சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கிரிமினாலஜி, அதாவது குற்றவியல், இருக்கிறதாம், பேங்க்கில் லோன் போட்டுச் சேர்த்துவிடலாமா என்று அப்பாவோ அம்மாவோ கேட்பார்கள். கடலூரில் ஒரு வங்கிக் கிளையில் கல்விக்கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிப்பு நல்ல படிப்புதான், ஆனால் இளநிலைப் பட்டத்துக்காக நான்கைந்து லட்சம் கடன் வாங்க வேண்டாம். வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினால் பிள்ளையின் ஆசை கருகிப்போகும். அதே ஆசைக்கு வேறு வழிகள் இருக்கின்றன, சிலவற்றுக்குச் செலவே இல்லை, அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கடன். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம், கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கடன், மூன்று வருடத்தில் நாலரை லட்சம், வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் பெற்றோர் முகத்தில் ஒரு நிம்மதி வரும், நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் தவணைதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. முதல் வருடம் வாங்கிய ஒன்றரை லட்சத்துக்கு நாலு வருட வட்டி 60,000. இரண்டாம் வருடப் பணத்துக்கு 45,000. மூன்றாம் வருடப் பணத்துக்கு 30,000. ஆக, பிள்ளை வேலை தேடிக்கொண்டிருக்கும்போதே பாக்கி 5,85,000 ஆகிவிடுகிறது. அதைப் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 7,730 ரூபாய், மொத்தம் 9 லட்சத்து 27 ஆயிரத்துக்கு மேல். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதத் தவணை 6,286 ஆகக் குறையும், கட்டும் மொத்தம் 11 லட்சத்து 31 ஆயிரமாக ஏறும்.

வட்டி மானியம் கிடைக்குமே என்பார்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருப்பது உண்மை. ஆனால் அது தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. என்றால் வங்கியில் தெளிவாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகுதான் அந்த மானியத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் வருமான வரம்பு எட்டு லட்சம், பத்து லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. அதற்கும் கல்லூரி அந்தத் திட்டத்தின் தரப் பட்டியலில் இருக்க வேண்டும். அட்மிஷன் போடும் கல்லூரியில் "எல்லாம் கிடைக்கும் சார்" என்று வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நாலு லட்சம் வரை கையிலிருந்து பங்கு போட வேண்டாம், ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம் என்பதால் கல்விக்கடன் லேசாகத் தெரிகிறது. ஆனால் அப்பாவோ அம்மாவோ அதில் இணைக் கடன்தாரர். தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் படகு எஞ்சின் மாற்ற லோன் கேட்டு வந்தார். ஆதார், பாஸ்புக், எஞ்சின் கடைக்காரர் கொடுத்த கொட்டேஷன் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கம்ப்யூட்டரில் அவர் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைத் திறந்தால், மகன் பெயரில் எடுத்த கல்விக்கடனில் மாதக்கணக்காகத் தவணை நிலுவை. மகனுக்குச் சென்னையில் ஒரு செக்யூரிட்டி நிறுவனத்தில் வேலை, அவன் சம்பளம் அவன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருந்தது. அப்பாவுக்கு லோன் கொடுக்க வழியில்லை. "பையன் படிச்ச கடன்தானே சார், அதுக்கும் இதுக்கும் என்ன?" என்று அவர் கேட்டதற்கு எனக்கு விதியைச் சொல்ல முடிந்தது, வேறு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சரி, சம்பளப் பக்கம் வருவோம்.

குற்றவியல் படித்தவர்களை அந்தப் படிப்புக்காகவே எடுத்துக்கொள்ளும் வேலைகள் நம் ஊரில் எவை? எனக்குத் தெரிந்து முக்கியமானது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நடக்கிறது, ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். வீடு வீடாகப் போகும் புறத்தொடர்புப் பணியாளருக்கு மாதம் 10,592 ரூபாய். சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் என்றால் 18,536. பாதுகாப்பு அலுவலருக்கும், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலருக்கும் 27,804, இதில் இரண்டாவதற்குச் சட்டப் பட்டம் வேண்டும். மேலே போட்ட 7,730 தவணையை இதில் கழித்துப் பாருங்கள். முதல் வேலையில் மிச்சம் 2,862 ரூபாய். இரண்டாவதில் 10,806. பாதுகாப்பு அலுவலர் ஆனால்தான் மூச்சு விடலாம், அந்தப் பதவி மாவட்டத்துக்கு ஓரிரண்டு பேருக்குத்தான். இந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போகிறவர்களும், வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளையை பஸ் ஸ்டாண்டில் பிடித்துத் திரும்பச் சேர்க்கிறவர்களும் அவர்கள்தான். அவ்வளவு அருமையான வேலைக்குப் போகும் பிள்ளையின் தலையில் ஆறு லட்சத்தை ஏற்றி அனுப்பக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

தனியார் பக்கம் செக்யூரிட்டி மேற்பார்வை, வேலைக்குச் சேர்பவர்களின் பின்னணி விசாரிக்கும் நிறுவனங்கள், வங்கி மோசடிகளைக் கண்காணிக்கும் பிரிவுகள் என்று சென்னையில் இருக்கின்றன. கடலூர் சிப்காட்டில் பாதுகாப்பு அதிகாரி என்று ஆள் எடுத்தால் பெரும்பாலும் ராணுவத்திலிருந்தோ போலீஸிலிருந்தோ ஓய்வுபெற்றவரைத்தான் எடுக்கிறார்கள்.

அப்புறம், பிள்ளைகள் உண்மையிலேயே ஆசைப்படும் எஸ்.ஐ. வேலை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். வரலாறு, தமிழ், வணிகவியல், கணிதம், எதுவாக இருந்தாலும் சரி. தொடக்க ஊதியம் 36,900 ரூபாய். அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தில் பாதியைத் தாண்டிவிட்டதால், பிடித்தங்களுக்கு முன்னால் 55,000-க்கு மேல் வரும். இந்தச் சம்பளத்தில் 7,730 தவணை பெரிய விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். கேள்வி அதுவல்ல. அந்த வேலை கிடைக்கக் குற்றவியல் பட்டம் எந்த அளவுக்கு உதவுகிறது?

நேரடியாகத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கான வினாத்தாளில் பொது அறிவு, தர்க்கத் திறன், கணக்கு, உளவியல் இவைதான். குற்றச் சட்டங்களும் போலீஸ் நடைமுறையும் கேட்பது ஏற்கெனவே துறையில் இருப்பவர்கள் எழுதும் இலாகா ஒதுக்கீட்டுத் தாளில். மூன்று வருடம் குற்றவியல் கோட்பாடும் தண்டனைச் சட்டமும் படித்த பிள்ளைக்கும், கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்த பிள்ளைக்கும் அந்தத் தேர்வு அறையில் ஒரே தாள்தான். பொது அறிவில் வரலாறு, அரசியலமைப்பு, புவியியல் என்று வருவதால் வரலாறு படித்த பிள்ளைக்குத்தான் கை கொஞ்சம் ஓங்கியிருக்கும். சிறப்பு மதிப்பெண் வேண்டுமென்றால் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு உண்டு. அரசுக் கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்வதற்கு யாரும் லட்சம் கேட்பதில்லை.

தமிழ்வழி ஒதுக்கீடு இதைவிட முக்கியம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத இடம். 2020-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்கான கல்வித்தகுதி வரைக்கும் முழுக்கத் தமிழ்வழியில் படித்திருந்தால்தான் செல்லும். எஸ்.ஐ. வேலைக்குத் தகுதி பட்டம் என்பதால் பட்டமும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். குறிஞ்சிப்பாடியிலோ திட்டக்குடியிலோ அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்த பிள்ளை, கடன் வாங்கி ஆங்கிலவழியில் கிரிமினாலஜி சேர்ந்த அன்றே இந்த ஒதுக்கீட்டை இழந்துவிடுகிறது. பணமும் போய், கையிலிருந்த சலுகையும் போவதை அட்மிஷன் கவுன்டரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு இதில்தான் ரொம்ப வருத்தம்.

செலவைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரியில் படிப்புக் கட்டணம் கிடையாது, மற்ற சில்லறைக் கட்டணங்கள்தான். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் அதே தொகை. திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் தேவனாம்பட்டினம் கல்லூரி. வீட்டுச் சாப்பாடு, வீட்டில் தூக்கம், காலையில் கிரவுண்டு.

மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்தில் விடியற்காலையில் ஒரு தடவை போய் நில்லுங்கள். ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடித்தால்தான் அடுத்த கட்டம். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். கயிறு ஏறிப் பழகுகிற பையன்களின் உள்ளங்கையைப் பார்த்தால் தெரியும், விரல் மடிகிற இடத்தில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்து தடித்துப்போயிருக்கும், அதன் மேல் மஞ்சளையோ பவுடரையோ அப்பிக்கொண்டு திரும்ப ஏறுவார்கள். உயரமும் பார்க்கிறார்கள். பொது, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 159. பட்டியலினத்தவருக்கு முறையே 167, 157. கல்லூரி தேடுவதற்கு முன்னால் வீட்டுச் சுவரோடு பிள்ளையை நிறுத்தி அளந்து பாருங்கள். உயரம் இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது என்பதைக் கடன் வாங்கிப் படித்து முடித்த பிறகு கண்டுபிடித்த குடும்பங்கள் உண்டு, அந்த வேதனை யாருக்கும் வரக்கூடாது.

எஸ்.ஐ. வழியில் இருக்கும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தேர்வு வருடா வருடம் கண்டிப்பாக வரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் இடங்கள் ஏறி இறங்கும்: 2022 அறிவிப்பில் 444 இடங்கள், 2025 அறிவிப்பில் 1,299. போட்டியோ பல்லாயிரக்கணக்கில். இரண்டு மூன்று தடவை எழுதித்தான் பலருக்குக் கிடைக்கிறது, பலருக்குக் கிடைப்பதே இல்லை. அந்தக் காத்திருப்புக் காலத்தில் தலைமேல் தவணை இருக்கிற பிள்ளையால் கிரவுண்டுக்கும் லைப்ரரிக்கும் போக முடியாது, கிடைத்த வேலைக்கு ஓட வேண்டியதுதான். கடனில்லாத பிள்ளைக்குத்தான் இன்னொரு வருடம் முயற்சி செய்ய அவகாசம் கிடைக்கும். என்னைக் கேட்டால், கடன் வேண்டாம் என்பதற்கு வட்டிக் கணக்கைவிடப் பெரிய காரணம் இதுதான்.

இடையில் ஒன்று. கல்லூரிச் சண்டை, பஸ் மறியல் என்று எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்துவிட்டால் போலீஸ் வேலைக்குப் பெரிய முட்டுக்கட்டை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்திருந்தாலும் சரிபார்ப்பில் நிராகரிக்க விதி இடம் கொடுக்கிறது. பிள்ளையிடம் இதைக் கல்லூரி சேரும் நாளிலேயே சொல்லிவையுங்கள்.

பத்தாவது தகுதியிலேயே போகக்கூடிய வழி இரண்டாம் நிலைக் காவலர். அடிப்படை 18,200, அகவிலைப்படியோடு 27,000-ஐத் தாண்டும். பதினெட்டு வயதில் சேர்ந்த பையன், அவனோடு பிளஸ் டூ முடித்தவன் பட்டமும் கடனுமாக வெளியே வருவதற்குள் சம்பளம் வாங்கிப் பழகியிருப்பான். அஞ்சல்வழியில் ஒரு பட்டம் முடித்தால், சில வருட சர்வீஸுக்குப் பிறகு எஸ்.ஐ. தேர்வில் 20 சதவீத இலாகா ஒதுக்கீட்டில் எழுதலாம். வேலை கடினம், திருவிழா பந்தோபஸ்து என்றால் நாள் கணக்கில் வீடு பார்க்க முடியாது, முதல் சில வருடம் பட்டாலியனிலோ ஆயுதப்படையிலோதான் கழியும். வீட்டு நிலைமை இறுக்கமாக இருக்கிற பிள்ளைக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன், கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் பெற்றோரிடமும் இதையேதான் சொல்வேன்.

பாண்டிச்சேரிக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய அரசு ஊதிய விகிதம். காவலருக்குத் தொடக்கம் 21,700, எஸ்.ஐ.க்கு 35,400. காவலர் வேலைக்கே பிளஸ் டூ கேட்கிறார்கள். ஊர் சின்னது, அதனால் எஸ்.ஐ. இடங்கள் அபூர்வமாகத்தான் வரும், அதை மட்டும் நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. கடலூர் பிள்ளை பக்கத்தில்தானே என்று அங்கே விண்ணப்பிக்க முடியாது, பாண்டிச்சேரி குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். ஆனால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் பொதுவாக மத்தியத் தேர்வுகள் இருக்கின்றன. துணை ராணுவப் படைகளிலும் டெல்லி போலீஸிலும் எஸ்.ஐ. ஆக, மத்திய அரசுப் பணியாளர் தேர்வு ஆணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், தொடக்கம் 35,400, வயது வரம்பு 25. சி.பி.ஐ. எஸ்.ஐ. பதவிக்குப் பட்டதாரிகளுக்கென்று அதே எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வு, தொடக்கம் 44,900, அங்கேயும் எந்தப் பட்டமும். போலீஸ், பாதுகாப்புப் படிப்புகளுக்கான ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகத்தின் வளாகம் பாண்டிச்சேரிக்கே வந்திருக்கிறதே என்று கேட்கிறார்கள். மத்திய அரசின் பல்கலைக்கழகம், பாடமும் நன்றாக இருக்கிறது, ஆனால் கட்டணத்தை மேலே போட்ட அதே வட்டிக் கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி சட்டப் படிப்பு. குற்றம், நீதி, நீதிமன்றம் என்று உண்மையான ஆர்வம் இருக்கிற பிள்ளைக்கு என் முதல் சிபாரிசு இதுதான். கடலூர் பிள்ளைகளுக்கு விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு, தனி நுழைவுத் தேர்வு இல்லை. பாண்டிச்சேரிப் பிள்ளைகளுக்குக் காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, பாண்டிச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாகச் சேர்க்கை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு, அப்படிச் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஐந்து வருடப் படிப்பை லட்சக்கணக்கில் கடனில்லாமல் முடிக்க முடிகிற இடம் இது. அப்படியே கடன் தேவைப்பட்டாலும், தொழிற்படிப்பு என்பதால் வட்டி மானியம் கேட்கலாம்.

பட்டம் வாங்கிய பிறகுதான் கஷ்டம் தொடங்கும். ஜூனியர் வக்கீலாக முதல் சில வருடம் கையில் ஒன்றும் நிற்காது. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், பாண்டிச்சேரி வழக்கறிஞர்கள் நலநிதி தொடர்பான ஒரு வழக்கில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சொன்னது. மஞ்சக்குப்பம் கோர்ட் வளாகத்தில் எத்தனை ஜூனியருக்கு அது மாதா மாதம் கைக்கு வருகிறது என்று அங்கே டீக்கடையில் நின்று விசாரித்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள். அரசு வேலை என்று பார்த்தால், உதவி அரசு வழக்கறிஞர் நிலை இரண்டு பதவிக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும், தொடக்க ஊதியம் 56,100. சிவில் நீதிபதி என்றால் தொடக்கமே 77,840, ஆனால் 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு மூன்று வருட வக்கீல் அனுபவம் கட்டாயம். அதாவது பிளஸ் டூவிலிருந்து எண்ணினால் எட்டிலிருந்து பத்து வருடம் பொறுக்க வேண்டும். வீட்டில் அதுவரை தாங்கிக்கொள்ள முடியும் என்றால், குற்றவியல் நீதித்துறையில் சம்பளம் உயரமாக இருக்கிற படி இதுதான். முடியாதென்றால் இடையில் எஸ்.ஐ. தேர்வும் எழுதலாம், சட்டப் பட்டமும் பட்டம்தானே.

கிரிமினாலஜியைத்தான் படிக்க வேண்டும் என்று மனசு நிற்கிறதா? அப்படியென்றால் முதுநிலையில் படியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் நல்ல துறைகள் இருக்கின்றன, வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களும் சேரலாம், அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம்தான். இரண்டு வருடம், அதுவும் ஒரு வேலையோ தேர்வு அனுபவமோ கிடைத்த பிறகு என்றால் படிப்பின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். நன்னடத்தை அலுவலர், சிறைத்துறையில் சமூகப் பணி, குழந்தைகள் பாதுகாப்பில் மேல் பதவிகள், கல்லூரி ஆசிரியர் என்று இந்தப் பாடத்துக்கு உண்மையான மதிப்பு தொடங்குவது முதுநிலையிலிருந்துதான். கேப்பர் மலை மத்திய சிறையில் உதவி ஜெயிலர் ஆகவேண்டும் என்றால்கூட டி.என்.பி.எஸ்.சி. கேட்பது ஏதாவது ஒரு பட்டம். வேலையில் இருந்துகொண்டே படிக்க இக்னோவில் குற்றவியல் நீதி முதுநிலைப் பட்டயம் இருக்கிறது, போலீஸ்காரர்களும் வக்கீல்களும் அதில் சேர்கிறார்கள்.

தடய அறிவியல் என்ற பெயரில் இன்னொரு குழப்பம். ஆய்வகத்தில் ரத்தமும் விஷமும் பரிசோதிக்கிற வேலைக்கு அறிவியல் அடிப்படை வேண்டும். வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற பாடங்களில் பட்டம் வாங்கிவிட்டுத்தான் அங்கே போக முடியும், வெறும் குற்றவியல் பி.ஏ. அங்கே கதவைத் திறக்காது. காவல்துறை விரல்ரேகைப் பிரிவு எஸ்.ஐ. தேர்வுக்கும் அறிவியல் பட்டம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்று 176-ஆம் பிரிவு சொல்கிறது. மாநிலங்கள் இதை ஐந்து வருடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதால் ஆட்கள் தேவைப்படுவார்கள். விழுப்புரத்திலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. வேதியியலில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி. தடய அறிவியல் என்று போவது கடனுக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது.

கடைசியாக வெளிநாடு. பாண்டிச்சேரியில் இது அதிகம், ஒயிட் டவுனைத் தாண்டியதும் தெருவுக்குத் தெரு கன்சல்டன்சி போர்டு. அமெரிக்காவில் கிரிமினல் ஜஸ்டிஸ் படித்தால் இவ்வளவு சம்பளம் என்று டாலரில் ஒரு பட்டியலைக் காட்டுவார்கள். அந்தச் சம்பளம் உண்மைதான், அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கு. போலீஸ் வேலைக்குப் பெரும்பாலான இடங்களில் குடியுரிமை கேட்கிறார்கள், மத்திய அரசின் புலனாய்வு வேலைகளுக்குக் கட்டாயம் வேண்டும். அங்கே அரசு வேலையில் இருந்துகொண்டு பத்து வருடத்தில் 120 தவணை கட்டினால் மீதிக் கல்விக்கடனைத் தள்ளுபடி செய்யும் சட்டம் 2007-லிருந்து இருக்கிறது, அதுவும் அந்த நாட்டு அரசுக் கடன் வாங்கியவர்களுக்கு. கடலூர் கிளையில் வாங்கிய கடனுக்கு அப்படி எந்தத் தள்ளுபடியும் கிடையாது. மாணவர் விசாவில் போகிறவருக்குப் படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் வேலை அனுமதி. கூடுதலாக இரண்டு வருடம் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும். பொதுவான கிரிமினல் ஜஸ்டிஸ் அதில் இல்லை, தடய அறிவியலும் கணினித் தடயவியலும் இருக்கின்றன. இங்கிலாந்திலும் போலீஸில் சேர நிரந்தரமாகத் தங்கும் உரிமை வேண்டும். இருபது லட்சத்துக்கு மேல் கடன் என்றால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டி வரும். பொதுவான குற்றவியல் முதுநிலைக்காக வீட்டை வைக்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

ஏற்கெனவே கடன் வாங்கிச் சேர்ந்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. படிக்கும்போதே மாதா மாதம் வட்டியை மட்டும் கட்டிவாருங்கள். முதல் வருடக் கடனுக்கு அது மாதம் 1,250 ரூபாய்தான், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் வருகிறதென்றால் அதையே அப்படித் திருப்பிவிடலாம். இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்க வங்கிகளுக்கு இடமுண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள். இரண்டாம் வருடம் ஹாஸ்டலை விட்டு உறவினர் வீட்டிலோ பகிர்ந்த அறையிலோ தங்க முடிந்தால், அனுமதித்த தொகை முழுவதையும் எடுக்காதீர்கள், எடுக்காத பணத்துக்கு வட்டி கிடையாது. என்.சி.சி.யில் பெயர் கொடுங்கள். மூன்றாம் வருடத்திலிருந்தே எஸ்.எஸ்.சி., சீருடைப் பணியாளர் தேர்வு அறிவிப்புகளைப் பார்த்து வையுங்கள். படித்து முடித்து ஒரு வருடத்துக்குள் வேலை அமையவில்லை என்றால், முதல் தவணைத் தேதி வருவதற்கு முன்னாலேயே கிளைக்குப் போய், தவணைக் காலத்தை நீட்டிக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். தேதி தாண்டி மூன்று மாதம் நிலுவையான பிறகு வந்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நல்லவராகவே இருந்தாலும் அப்போது அவர் கையில் அதிகம் இருக்காது. மனுவின் நகலில் கிளை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.